அலசிய பாவாடை

இங்கிலாந்தில், எங்கள் யார்க்ஷயரில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள் ஐரிஸ். நூறு வருடத்துக்கு முந்தைய பெண்களின் சைக்கிள் உடைகளைச் சேகரிப்பவள். அவள் சேகரித்த ஒரு கம்பளிப் பாவாடையின் விளிம்பில், காற்றில் தூக்காமலிருக்க ஈயக் குண்டுகள் தைக்கப்பட்டிருந்தன. அந்தக் காலத்துச் சேறும் காய்ந்து ஒட்டியிருந்தது. யாரோ ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினாள் என்பதற்கு அந்தச் சேறுதான் சாட்சி.

பழைய உடைகளுக்கான போட்டிக்கு முன், பிரிந்திருந்த விளிம்பைத் தைத்துத் தரச்சொல்லித் தோழி மாவிஸிடம் கொடுத்தாள். போட்டியன்று பாவாடை சோப்பு வாசனையோடு திரும்பி வந்தது.

"அழுக்கா இருந்துச்சுடி. அலசிட்டேன்."

இருபது வருடமாக இதையே சேகரிக்கும் மாவிஸுக்குத் தெரியாதா என்ன? முதல் பரிசு மாவிஸ் போட்டிக்குக் கொண்டுவந்த பாவாடைக்குக் கிடைத்தது. ஐரிஸ் அதன் விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள். சேறு அப்படியே இருந்தது.

"உன்னோடத ஏன்டி அலசல?"

மாவிஸ் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "அலசினா மதிப்பு போயிடும்ல."