டோக்கன் நாற்பத்தேழுக்கு இரண்டு பேர்

கும்மிடிப்பூண்டியில் இரும்புச் சட்டங்களை வெல்டிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருக்கிறேன். சேர்ந்த புதிதில் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். அதன் உள்ளே இருந்தது ஒரு டிக்‌ஷனரி. ஒவ்வொரு சாவிக்கும் நேராக ஒரு மதிப்பை வைத்திருக்கும் பட்டியல் அது; தொழிலாளிக்குத் தரும் டோக்கன் எண்தான் சாவி. டோக்கன் எண்ணைக் கொடுத்தால் அந்த வெல்டரின் பெயர், தேறிய தேர்வுகள், அனுமதிக்கப்பட்ட வேலைகள் எல்லாம் வந்து நிற்கும். காய்கறி வாங்கப் போனால்கூடப் பட்டியலோடு போகிறவள் நான். அந்த நிரலில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

ஒன்று எனக்குத் தெரியாது. ஒரு தொழிலாளி சில வாரம் வராவிட்டால், எங்கள் ஒப்பந்தக்காரர் அவருடைய டோக்கனை அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிடுவார். ஏற்கெனவே இருக்கும் சாவிக்கு இன்னொரு மதிப்பைக் கொடுத்தால், டிக்‌ஷனரி பழையதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். கேட்காது, எச்சரிக்காது.

வள்ளூரிலிருந்து வரும் வெல்டர் அக்கா, பிரசவ விடுப்பில் போய் ஐந்தாம் மாதம் திரும்பினார். அவருடைய டோக்கன் நாற்பத்தேழைத் தட்டினால் வேறொருவர் பெயர் வந்தது.

"இன்னா பாப்பா, நான் புள்ள பெத்துக்கினு வர்றதுக்குள்ள என்னிய அழிச்சிட்டியா?" என்றார் அக்கா.

மேலாளர் திரையைப் பார்த்தார். "சிஸ்டத்துல இல்லன்னா இல்லதாம்மா. அடுத்த தேர்வு வர்ற வரைக்கும் ஹெல்பரா கிரைண்டிங் பண்ணட்டும்."

அடுத்த தேர்வு எப்போது என்று அவருக்கும் தெரியாது. எட்டு வருட வெல்டர், அதுவரை நேற்று வந்தவர்களுக்குத் தூசி தட்ட வேண்டும்.

"சிஸ்டம் தப்பு சார். நான் எழுதினதுதான் தப்பு."

"எங்கிட்ட சொன்ன, சரி. வெளிய சொல்லிக்கினு இருக்காத. நாளைக்கு ஆடிட்டு. ஒரு பேரு தப்புன்னா மத்த பேரெல்லாம் இன்னான்னு கேப்பான்."

கேட்கத்தான் வேண்டும். எனக்கும் அதே கேள்விதான். அலமாரியிலிருந்த தேர்வுத் தாள்களை எல்லாம் இறக்கி, ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டேன். பதிவில் இன்னும் இரண்டு பேர் காணாமல் போயிருந்தார்கள். சாவியை மாற்றினேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தனி எண், ஒருமுறை கொடுத்தால் இன்னொருவருக்குப் போகாது. டோக்கன் இனி மதிப்புப் பக்கத்தில் ஒரு சாதாரண விவரம். இருக்கிற சாவியின் மேலேயே யாராவது எழுத வந்தால் நிரல் மறுத்து நிற்கும்.

பிறகு என் தவறு என்ன, யார் யார் பதிவு அழிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆடிட் கோப்பில் செருகினேன்.

"வெளிய சொல்லாதன்னு சொன்னேன்ல?" என்றார் மேலாளர். "உன் வேலைக்கே உல வெச்சுக்கிற."

"அக்காவ இன்னிக்கே கிரைண்டிங்குக்கு அனுப்புறீங்க சார். அதனால இன்னிக்கே எழுதினேன். தாள எடுக்கணும்னா நீங்க எடுங்க. எடுத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டு எடுங்க."

அவர் எடுக்கவில்லை.

தேர்வுத் தாளின்படி பதிவு திரும்பிவிட்டதால், அன்று மதியமே அக்கா வெல்டிங் கூண்டுக்குள் போனார். அவர் போட்ட முதல் இணைப்பைச் சோதிக்க வேண்டியவளும் நானே. ஓரத்தில் ஊசிமுனைத் துளைகள் இரண்டு. சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

"அரைச்சிட்டு மறுபடி போடுங்கக்கா."

"எனக்கோசரம் அங்க சண்ட போட்டுட்டு இங்க வந்து ரிஜெக்ட்டா?"

"ஆமா."

"பேஜாரு புடிச்சவ" என்று முகமூடியை இறக்கிக்கொண்டார்.