காலர் தைத்த ஊசியின் முனை

எங்கள் அத்தை ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் வீட்டில் அப்பீல் கிடையாது. அப்பாவுக்கு மூத்தவள், பக்கத்துப் போர்ஷன்காரி, வாராவாரம் மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றுகிறவள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கள்ளிக்குப்பத்து வீட்டில் நின்று சொன்ன ஒரு சொல், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னை இரண்டு மாதம் உயிரோடு வதைத்தது.

அம்மா அப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். டெய்லர் என்றதும் சட்டை தைக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா தைத்தது காலர் மட்டும். காலையில் வேன் ஏறியதிலிருந்து காலர், காலர், காலர்தான். ஒரு மணிக்கு எத்தனை முடிந்தது என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி போர்டில் எழுதுவார்களாம். அந்த வருஷம் ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள். அவளுக்குப் பதில் ஆள் வரவில்லை. அவளுடைய காலர்கள் மட்டும் அம்மாவிடம் வந்தன. ஞாயிற்றுக்கிழமையும் வேன் வர ஆரம்பித்தது. அம்மா பூசைக்குப் போவது நின்றது.

அந்தக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கி ஓர் அட்டையில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைன் முழுக்க நிற்கும். சட்டை போடுகிறவர் கழுத்தில் குத்திவிடக் கூடாதே! நியாயம்தான். தைக்கிறவள் கழுத்தைப் பற்றி அந்த வழக்கத்தில் ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மாவின் ஊசி உடைந்தது. அடிப்பாகம் கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. லைனில் இருந்த அத்தனை பேரும் மிஷினை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார்களாம். அவளைவிட வயதில் சின்னவனான சூப்பர்வைசர், "கண்ணத் தொறந்துகினுதான் தைக்கிறியா?" என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அம்மா அழவில்லை. இடது கை ஆள்காட்டி விரலை மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்தாள். மேற்கொண்டு அவள் சொல்வதற்குள் அத்தை பாய்ந்துவிட்டாள்.

"அய்யய்யோ, வெரல்ல ஏறிச்சா பாரு புள்ள! ஊசி ஒடம்புக்குள்ள பூந்துச்சுன்னா ரத்தத்தோடயே போயி நேரா நெஞ்சுல குத்தும். அப்பால ஆளே காலி."

அம்மா முகம் கழுவப் போனாள். நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அன்றிலிருந்து நான் அம்மாவைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். அவள் மணிக்கட்டைத் தேய்த்தால் ஊசி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. தோளைப் பிடித்துக்கொண்டால் தோளுக்கு. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் போய், இதயம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது பக்கம் என்றார். அமுக்கியதும் இடது விரல்! "மாதாவே, முழங்கையோடு அது நின்றுவிட வேண்டும்" என்று தினமும் செபம் செய்தேன். முழங்கை போனாலும் பரவாயில்லை என்று மாதாவிடம் பேரம்கூடப் பேசினேன்.

மாதா கேட்கவில்லை. அம்மா மாறிக்கொண்டே போனாள். டீயை ஊற்றி வைத்துவிட்டு மறந்துவிடுவாள். ஆடை கட்டிக் கிடக்கும். நான் பென்சிலைத் தொலைத்தால் முதுகில் இரண்டு வைக்கிறவள், டிபன் பாக்ஸையே தொலைத்துவிட்டு வந்தபோதும் "சரி" என்றாள். அந்தச் "சரி"யைக் கேட்டு நான் பயந்ததுபோல் எந்த அடிக்கும் பயந்ததில்லை. அரிசியை முறத்தில் கொட்டி, கல் பொறுக்குவதற்காக அல்ல, எதையோ தேடுவதற்காகத் தடவுவாள். என் யூனிபார்மின் தையலை ஓரத்திலிருந்து ஓரம் வரை விரலால் நீவுவாள். தலை வாரும்போது என் மண்டையையும் நீவுவாள். நடுவில் திடீரென்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

ஊசி வந்து சேர்ந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன்.

பெரிய வெள்ளியன்று கம்பெனிக்கு லீவு. ஊரே சிலுவைப் பாதைக்குப் போயிருந்தது. அம்மா பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு நானும் வீட்டில் நின்றுகொண்டேன். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோவிலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஸ்பீக்கரின் காந்தம் அவருடைய டூல்ஸ் பையில் கிடந்தது. அதை எடுத்து வந்து அம்மாவின் நெஞ்சின் இடது பக்கம் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மதியம் மூன்று மணி இருக்கும். ஆண்டவர் செத்த நேரம். அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவள் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து, "இன்னாடி இது?" என்றாள்.

அவ்வளவுதான், அழுதுவிட்டேன். "ஊசிம்மா. நீ செத்துடுவியா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கொஞ்ச நேரம் அங்கயே வெச்சிரு. கனமா நல்லாக்கீது," என்றாள். செத்துவிட மாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை.

ஈஸ்டர் முடிந்து வேன் வந்த அன்று அம்மா ஒரு காலைப் படியில் வைத்தவள் மறு காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றாள். மூச்சு வாங்கியது. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கோடு கோடாக ஒரு காகிதம் எடுத்தார்கள். "ஊசி தெரியுதா?" என்று கேட்டேன். டாக்டரம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டு அப்பாவிடம் சொன்னார். "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. ஆனா இவங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. நல்லாத் தூங்கி எவ்ளோ நாள் ஆச்சுன்னு கேளுங்க. பத்து நாளாவது லீவு போடணும், வேலையக் கொறைக்கணும்."

ஒன்றும் இல்லை என்றதோடு அப்பாவின் காது மூடிக்கொண்டது. பாவம், அவ்வளவு பயந்துபோயிருந்தார். அத்தை தெருமுழுக்க, "டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தாள். மறுநாளே அம்மா வேன் ஏறினாள். எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. கோடு போட்ட காகிதத்தில் ஊசி எப்படித் தெரியும்?

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிறு சாயங்காலம், அம்மாவுக்குப் பக்கத்து மிஷின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, அம்மாவுக்குக் கேட்காத மாதிரி அப்பாவிடம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. அண்ணி சாப்பாட்டு டயத்துலகூட மிஷினுக்கு அடில பூந்து அந்த ஊசியத் தேடிகினு கீது. அந்த மொன அன்னிக்கே கெடச்சிடுச்சுண்ணே. அதுவே தன் கையால அட்டையில ஒட்டிச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

டாக்டரம்மா சொன்னதில் அப்பா பாதி கேட்டதுபோல, இதில் நானும் பாதிதான் கேட்டேன். அன்றைக்கே கிடைத்துவிட்டது! அப்படியானால் அம்மாவின் நெஞ்சில் ஊசியே இல்லை! உள்ளே ஓடினேன். அம்மா என் யூனிபார்மை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துத் தையலை நீவிக்கொண்டிருந்தாள்.

"ம்மா, ஊசி அன்னிக்கே கெடச்சிடுச்சாமே!"

"தெரியும்டி. நான்தான ஒட்னேன்," என்றாள். விரல் நிற்கவில்லை. தையலின் கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. "இருந்தாலும் ஒருக்கா பாத்துடலாம்."

அடுத்த நாள் அப்பாவே தெருமுனைக்குப் போய் வேனைத் திருப்பி அனுப்பினார். அம்மா தூங்கப் பழகி, டீயைச் சூடாகக் குடித்து, பென்சிலுக்காக என்னை மறுபடி அடிக்க ஒரு வருஷம் பிடித்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? இரண்டு மாதத்துப் பயம் ஒரே நொடியில் போய்விட்டது. காந்தத்தை எடுத்துக்கொண்டு குதித்துக் குதித்துப் போய் டூல்ஸ் பையில் போட்டேன். திரும்பினால், அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு அப்பா வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார். ஊசிதான் இல்லை என்று ஆகிவிட்டதே, இந்த மனுஷன் இப்போது போய் ஏன் அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.