வீட்டுக்காரர் பேசினார், பானுப்பிரியா கேட்டாள்

பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நானும் பானுப்பிரியாவும் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரோடு சரி. நிரந்தர இடம் ஒன்று காலியானது. தகுதித் தேர்வில் தேறியிருந்தவள் அவள்தான், நான் தேறவில்லை. மாணவர்கள் முன்னால் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். இதுவும் கைநழுவினால் அண்ணன் வேலை பார்க்கும் அம்பத்தூர் கம்பெனிக்கே போய்விடுவதாக இருந்தாள்.

பாடம், விக்டோரியா காலத்து நாடகத் தனிமொழி. அந்தக் கவிதைகளில் ஒருவரே பேசுவார். எதிரே ஒருவர் வாய் திறக்காமல் கேட்பார். பேசுகிறவர் தன் பெருமையைச் சொல்லச் சொல்ல, அவர் சாயம் வெளுத்துவிடும். புத்தகத்தை விட்டு நகராதே என்று துறைத்தலைவர் தட்சிணாமூர்த்தி முன்பே எச்சரித்திருந்தார். அவள் கேட்கிற ஆளா?

புத்தகத்தை மூடிவிட்டு, முகப்பேரில் வாடகைக்கு வீடு காட்டும் வீட்டுக்காரராக மாறி, காலி நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"தண்ணிக்குக் கஷ்டமே இல்லம்மா. முன்னாடி இருந்தவங்களும் நல்லவங்கதான், சமைச்சா வாசனை மாடி வரைக்கும் வரும், அவ்வளவுதான். நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்ல. சும்மா கேட்கிறேன், சொந்த ஊர் எது? அதுல எந்தத் தெரு?"

எனக்குத் திக்கென்றது. போன மாதம் அவளோடு வீடு பார்க்கப் போனவள் நான். ஒரு சொல்கூட மாறவில்லை. அவள் தெருப் பெயரைச் சொன்னதும், வீடு வேறு ஒருவருக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்றார் அந்த மனிதர். படியிறங்கும்போது எனக்குத்தான் கோபம் பொங்கியது. அவள் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வகுப்பு முதலில் சிரித்தது, பிறகு அடங்கிப்போனது. கடைசி பெஞ்சிலிருந்து கிருஷ்ணப்பிரியா என்ற மாணவி, "இன்னா மிஸ், அந்தாளு தானே வாயக் குடுத்து மாட்டிகினாரு" என்றாள். இந்த வடிவத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது என்று பானு அதையே பலகையில் எழுதினாள்.

தட்சிணாமூர்த்தி விடவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கவிதைகளில் பேச்சே கிடையாதே, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டார்.

கல்லூரிக்குள் வீட்டுத் தமிழை மறந்தும் பேசாதவள் பானு. அன்று நிமிர்ந்து நின்று சொன்னாள்: "வெளிய வந்துட்டா சார். எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுகினு, இப்ப உங்க முன்னாடி பாடம் எடுத்துகினு கீறா."

முதலில் கைதட்டியது தட்சிணாமூர்த்திதான். நானும் பெருமையோடு சேர்ந்து தட்டினேன். வேலை ஆணை பிறகு வந்தது. என்னைக் கேட்டால், வேலை அந்த நிமிடமே அவளுடையது.