அம்மா ஆற்றில் விழுந்த பாடம்

என் அம்மா ஒரு கல்வி அதிகாரியின் கண் முன்னால் ஆற்றில் விழுந்தவர். இதை நான் சொல்லாத இடம் கிடையாது. மற்றப் பிள்ளைகள் தங்கள் அப்பா கார் வாங்கியதையும், மாமா துபாயிலிருந்து சாக்லேட் கொண்டுவந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தபோது என்னிடம் இருந்த சரக்கு இது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு நான்காம் வகுப்பு முழுவதும் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அம்மா பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தார். எங்கள் வீடு பாளையங்கோட்டையில். பள்ளிக்கூடமோ தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், புன்னக்காயல் பக்கம். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும். அங்கே அறிவியல் பிரிவு தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர், அவர்களிலும் பாதிக்கு மேல் பெண்கள். ‘இந்தக் கூட்டத்துக்கு ஒரு பிரிவு எதற்கு, வேண்டுமென்கிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்ப் படிக்கட்டும்’ என்று மேலிடத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பையன்கள் போய்விடுவார்கள். பெண்களை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பமாட்டார்கள். படிப்பு அதோடு நின்றுவிடும். அதிகாரி ஒரு வகுப்பை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அந்த வகுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. பாடம், உந்தம்.

அதிகாரி வருகிற நாள் பார்த்து நெல்லையப்பர் கோயில் தேரோட்டம். எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அம்மாவின் பள்ளி பக்கத்து மாவட்டம் என்பதால் அங்கே விடுமுறை இல்லை. அப்பா துறைமுக வேலைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அத்தையோடு தேர் பார்க்கப் போகிறேன் என்று அழுது பார்த்தேன்; அம்மா மசியவில்லை, தன்னோடு பள்ளிக்கு வா என்றுவிட்டார். காலை ஜெபம் வழக்கத்தைவிட நீண்டுகொண்டே போயிற்று. அதில் அந்த அதிகாரியின் பெயரும் ஆண்டவரிடம் இரண்டு தடவை சொல்லப்பட்டது. பிறகு சாப்பாட்டு டப்பாவோடு ஒரு சேலையையும் மடித்துப் பையில் வைத்தார்.

“எதுக்கும்மா சேல?” என்றேன்.

“கெடக்கட்டும்” என்றார்.

உடுத்தியிருந்த சேலையிலும் அன்றைக்கு ஊக்குகள் அதிகம். அதிகாரி வருகிறார், அதனால்தான் இத்தனை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு அறைக்குள் நடக்கவில்லை. பள்ளிக்குப் பின்னாலேயே ஆறு. அங்கே ஒரு சின்னத் துறையில், சகாயம் என்ற மாணவனின் வீட்டு வள்ளம் நீளக் கயிற்றில் கட்டிக் கிடந்தது. அதிகாரிக்கு வேப்பமர நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் தலைமையாசிரியர் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் துறையின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

எனக்குப் புரிந்த அளவில் அம்மா சொன்னது இதுதான். வள்ளமும் அதில் நிற்கிற ஆளும் அசையாமல் இருக்கும்போது மொத்த உந்தம் பூச்சியம். ஆள் கரையைப் பார்த்துத் தாவினால் வள்ளம் எதிர்ப்பக்கம் போகும். அவருடைய உந்தத்தையும் வள்ளத்தின் உந்தத்தையும் கூட்டினால் மறுபடியும் பூச்சியம்தான் வரும். சொல்லிவிட்டு, “எறங்குலே சகாயம்” என்றார்.

சகாயம் இறங்கினான். வள்ளம் அசையவே இல்லை.

அந்த ஊரில் ஒருவர் வள்ளத்திலிருந்து இறங்கும்போது பின்னால் இருப்பவர் கழியைச் சேற்றில் ஊன்றிப் பிடித்துக்கொள்வார். யாரும் சொல்லவேண்டியதில்லை. பிரின்சி என்ற நெட்டைப் பெண் பின்னால் நின்றாள், ஊன்றினாள், முடிந்தது. கழியை எடு என்று அம்மா சொன்னார். சகாயம் மறுபடியும் ஏறி இறங்கினான். இந்தத் தடவை அவன் கை துறையின் தூணைப் பிடித்துக்கொண்டது. தூணைத் தொடாதே என்றார். அப்போது அவன் பின்னங்கால் விரல்கள் கயிற்றை மாட்டி வள்ளத்தையும் கூடவே இழுத்து வந்துவிட்டன. நடக்கப் பழகும் முன்பே வள்ளத்தில் ஏறி இறங்கப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அடுத்து வந்த இரண்டு பேரும் பூ மாதிரி கரையில் வந்து நின்றார்கள். வள்ளம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“என்ன டீச்சர், வள்ளம் அங்கனயே நிக்குதே? பொறத்தால போவும்னுல்லா சொன்னீய?” என்றார் அதிகாரி.

தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தார். சகாயத்துக்கு முகம் வாடிவிட்டது. “கால் தன்னால அப்பிடி வருது டீச்சர். வள்ளத்த விட்டுட்டு எறங்குனா எங்கப்பா தோல உரிச்சிருவாவ” என்றான்.

அம்மா அவனைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். இரண்டையும் என்னிடம் தந்து, “பத்திரமா வச்சிக்கோ” என்றார். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். பிரின்சி பழக்கதோஷத்தில் மறுபடியும் கழியை ஊன்றியிருந்தாள்.

“ஏட்டி, கழிய எடு. நீயும் எறங்கு.”

“வேண்டாம் டீச்சர், விழுந்திருவீய.”

“எறங்குட்டி.”

அவள் இறங்கினாள். அப்போதும் வள்ளம் அசையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அம்மா தாவினார். வள்ளம் விருட்டென்று பின்வாங்க, அம்மாவின் கால் கரைக்கு ஒரு முழம் முன்னாலேயே இறங்கிவிட்டது. தண்ணீர் அதிகாரியின் நாற்காலி வரைக்கும் தெறித்தது. “எம்மா!” என்று நான் அலறினேன். என் அம்மா தண்ணீருக்குள் இறங்கி நான் பார்த்ததே இல்லை; ஆறு அவரைக் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் தண்ணீர் நெஞ்சளவுதான். அம்மா எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரும்பலகை முன்னால் நிற்பவர் போலக் கேட்டார்.

“வள்ளம் எங்க போச்சி?”

“பொறத்தால டீச்சர்!” வகுப்பே கத்தியது.

“நான்?”

“முன்னால!”

“ரெண்டு உந்தத்தையும் கூட்டுனா?”

“பூச்சியம்!”

“அப்ப ஆற்றலும் பூச்சியந்தானா?”

  பிரின்சிதான் வாயைத் திறந்தாள்.

“அது எப்பிடி டீச்சர் பூச்சியமாவும்? உந்தத்துக்குத் திசை உண்டு, ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிரும். ஆற்றலுக்குத் திசை கெடையாதுல்லா. நீங்களும் நவுந்தீய, வள்ளமும் நவுந்திச்சி. ரெண்டுக்கும் ஒங்க காலுதான ஆற்றலக் குடுத்துச்சி?”

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவளைப் பார்த்து, “வள்ளத்துல இன்னும் நாலு பேரு இருந்திருந்தா?” என்று கேட்டார்.

“வள்ளம் கனத்துப்போயி ரொம்ப நவுந்திருக்காது சார். டீச்சர் கரையில நின்னுருப்பாவ.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அதிகாரி தன் செருப்பு நனைவதைக்கூடப் பார்க்காமல் குனிந்து கைகொடுத்து அம்மாவைக் கரையேற்றினார். “பிரிவு இருக்கும் டீச்சர், நான் பாத்துக்கிடுதேன்” என்று அவர் சொன்னபோது தலைமையாசிரியர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. பிரின்சி கல்லூரியிலும் இயற்பியலே எடுத்துப் படித்தாள். அன்று மாலை பேருந்தில், மாற்றுச் சேலையும் ஈரத் தலையுமாக அம்மா ஜன்னலோரம் தூங்கிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரையும் பெருமையாகப் பார்த்தேன். தவறி ஆற்றில் விழுந்த பிறகும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் இவர்தான் என்று அவர்களுக்கெல்லாம் தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாக இருந்தது. தேர் நினைவுக்கே வரவில்லை.

கல்லூரி விடுதியில் ஒருநாள் இந்தக் கதையை வழக்கம்போல அளந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த தோழி, “தவறி விழப்போறவங்க எதுக்குக் காலையிலேயே மாத்துச் சேலை எடுத்து வைக்கணும்?” என்றாள்.  அத்தனை ஆண்டுகளாகச் சேலையையும் ஊக்கையும் ஒன்று விடாமல் சொல்லி வந்தவள் நான்தான். உடனே அம்மாவுக்குப் போன் செய்து, தெரிந்தேதான் விழுந்தாரா என்று கேட்டேன்.

“பெறவு? சும்மாவா விழுந்தேன்?” என்றார் அம்மா. “முந்தின நாளே புள்ளைகள வள்ளத்துல ஏத்தி எறக்கிப் பாத்துட்டேன். ஒருத்தருக்கும் விழத் தெரியல. மொதல்ல அவங்க விழாம எறங்கணும், பெறவு ஒருத்தர் விழணும். அப்பத்தான பாடம்? கொக்கிரகுளத்து ஆத்துல நீந்தி வளந்தவள அந்தத் தண்ணி என்ன செய்யும்?”

“எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா?” என்றேன். அம்மா கொஞ்சம் ஆச்சரியத்தோடு கேட்டார்.

“கண்ணாடியையும் வாச்சையும் நீதானட்டி வாங்கி வச்சிருந்த? ஒனக்குத் தெரியும்னுல்லா இத்தன வருசமா நெனச்சிட்டிருக்கேன்.”