அக்கா படிக்காமல் டிக் போட்ட இடப்பக்கம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கும் வணக்கம். எட்டாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் ஊரில். மழை பொய்த்து, அப்பா ஓசூர்த் தொழிற்பேட்டைக்குக் குடும்பத்தோடு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. இந்தப் பக்கத்து வீட்டில் தெலுங்கு, அந்தப் பக்கத்து வீட்டில் கன்னடம். அம்மா சீக்கிரமே கண்ணை மூடிவிட, உலையும் வைத்து என்னையும் வளர்த்துத் தாமும் படித்தார். ராயக்கோட்டை சாலையில் ஓர் அரசுப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போனார்.

அப்பாவின் கம்பெனியில் மெஷின் நின்றால், ஏன் நின்றது என்று ஷிப்ட் நோட்டில் எழுதிவிட்டுத்தான் மறுபடி ஓட்டவேண்டும். "மெஷினுக்கு இருக்கிற மரியாதை பிள்ளைகளுக்கு இல்லையாப்பா?" என்று அக்கா ஒருநாள் கேட்டார். அதிலிருந்து அவர் வகுப்பில் வலப்பக்கம் கணக்கு. இடப்பக்கம், எங்கே நின்றேன், ஏன் நின்றேன். விடை தப்பினால் திட்டமாட்டார். இடப்பக்கம் காலியாக இருந்தால்தான் கோபம். வீட்டுப் பாஷையையே தமிழ் எழுத்தில் எழுதலாம் என்றும் சொல்லிவிட்டார். பரீட்சையில் இடப்பக்கத்துக்கு எத்தனை மார்க் டீச்சர் என்று உடன் வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்களாம். ஆனால் "பூஜ்யத்தைக் கண்டா பயம், அதான் தாண்டிப் போயிடறேன்" என்று எழுதிய பையன் அன்றோடு பூஜ்யத்தைத் தாண்டவில்லை. தன் தப்பைத் தானே உட்கார்ந்து யோசித்த பிள்ளைக்கு வாத்தியார் பாதிதான் வேண்டும் என்பார் அக்கா.

தெலுங்கு அவருக்கு வாய்விட்டுப் படித்தால்தான் விளங்கும். அடுப்படியில் முணுமுணுத்தபடியே படிப்பார். நாற்கரச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வாரம் பள்ளியில் ஆய்வு. எல்லா நோட்டும் திருத்தியிருக்க வேண்டும் என்றார்கள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அந்த ஒரு வாரம் அக்கா பதறினார். இடப்பக்கங்களைப் படிக்காமலே சிவப்பு மையில் டிக் போட்டுக் கொடுத்தார்.

அதன்பின் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரவில்லை. கெட்டிக்காரி. பத்து நாள் பொறுத்து, வகுப்பில் கிடந்த அவள் நோட்டை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து வாய்விட்டுப் படித்தார். நானும் கேட்டேன். கணக்கு தெரிகிறது, மனசுதான் நிற்கவில்லை என்று தொடங்கி, "ஒச்சே வாரம் நாகு பெண்ட்லி. மீரு ஒச்சி செப்பண்டி" என்று முடித்திருந்தாள். அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று அர்த்தம். அதன் கீழே அக்காவின் டிக்.

அப்போதே இருவரும் அவள் ஊருக்குப் போனோம். தாலி ஏறி, எல்லை தாண்டிக் கோலார்ப் பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அவள் அம்மா எங்களை உள்ளே கூப்பிடாமல், "டீச்சரு படிச்சிட்டாங்க, டிக்கு போட்டுகிறாங்கன்னு சொல்லினே இருந்துச்சும்மா. கோயிலுக்குக் கெளம்புற வரைக்கும் ரோட்டையே பாத்துனு இருந்துச்சு" என்றார்.

அக்கா விடுமுறைதோறும் அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பஸ் ஏறினார். அவள் கிடைக்கவில்லை. பின்னாளில் இடப்பக்கம் படித்தே இரண்டு கல்யாணங்களை நிறுத்தினார். நான் பெருமையாகச் சொல்லப்போனேன். "ரெண்ட நிறுத்துனேன்னு சொல்லாத தம்பி. ஒண்ண நடத்தி வச்சேன், அதச் சொல்லு" என்றார்.

பெங்களூரு மருத்துவமனையில் கடைசி நாட்களில், மயக்கத்திலும் அந்தத் தெலுங்கு வரியையே முணுமுணுத்தார். யாருக்கம்மா கல்யாணம் என்று தெலுங்கு நர்ஸ் ஒருவர் கேட்டார். "இன்னும் ஆகல. நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார் அக்கா. அதற்குமேல் பேசவில்லை. இப்போதும் அடுப்படியில் யாராவது தனக்குத்தானே பேசினால் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

நோயில் உடனிருந்த அத்தை வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், தூக்கிச் சுமந்த கம்பெனி நண்பர்களுக்கும் கைகூப்புகிறேன். இம்மலர் எல்லைக்கு அந்தப் பக்கமும் சிலர் கைக்குப் போகும். அந்தப் பிள்ளையின் பெயரை அச்சிடுவது முறையல்ல. அவளுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். அறிந்தவர் இருந்தால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். டீச்சர் தெரிந்தும் வராமல் இருக்கவில்லை. அன்றைக்கு அவர் படிக்கவே இல்லை.