பந்திக் கேசட்

அன்று ஸ்டுடியோவில் மூன்று பேர் இருந்தோம். ஸ்டுடியோ முதலாளி சிவண்ணா. கல்யாணப் பெண்ணின் அப்பா சின்னசாமி, ராமாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். வீடியோ எடுத்த நான்.

போன வாரம் சின்னசாமியின் மகள் தன் கல்யாண சிடியோடு என் வீடு தேடி வந்தார். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு வந்திருந்தார்.

"அப்பா இதுல எங்கியாச்சும் இருக்காருங்களாண்ணா?"

எனக்குப் பழைய கம்ப்யூட்டரின் சூடேறிய தூசி வாசம் வந்துவிட்டது.

ஸ்டுடியோ அப்போது மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி அறை. கேசட்டில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். ஏறியதும் அதே கேசட்டின் மேலேயே அடுத்த கல்யாணம். அப்போது அதுதான் வழக்கம். கேசட் ஒன்றுக்குப் பதின்மூன்று ஜிபி வேண்டும். பழைய டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சிவண்ணா எண்பது ஜிபி வாங்கிவந்தார். மாட்டினால் கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை. கடைக்காரர் சொன்னபடி டிஸ்க்கின் பின்னால் அரிசி அளவில் ஒரு கிளிப் செருகினோம். எழும்பியது. ஆனால் முப்பத்திரண்டு ஜிபிதான் காட்டியது.

கிளிப்பைப் பிடுங்கினால் மறுபடி தூங்கிவிடும். செருகினோம், பிடுங்கினோம். நான் ஆறாவது வரை படித்தவன். திரையில் வந்த இங்கிலீஷைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தேன். சிவண்ணா உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார்.

"எண்பது வாங்கினா மிச்சம் எல்லி ஹோய்த்து?" எங்கே போச்சு என்று கன்னடத்தில் என்னிடம் கேட்டார், நான் எங்கோ ஒளித்து வைத்ததுபோல.

மக்காச்சோள யாவாரி சின்னசாமிக்குச் சிரிப்பு. "எங்கூர்ல மூட்டை இப்படிக் கொறஞ்சா ஆளைக் கட்டி வெச்சிருவோமுங்க."

அடுத்த கல்யாணத்துக்குப் போக மாலையில் வேன் வந்துவிடும், இதே கேசட்டுகள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. கேசட் கடை பூட்டு. மூன்று கேசட்டில் இரண்டுக்குத்தான் இடம். எதை விடுவது என்று சிவண்ணா சின்னசாமியையே கேட்டார்.

"பந்திய உடுங்க. எலையில சோறு போடறத யாரு பாக்கப் போறா. பாப்பா மேடையில இருக்கறது போதும்."

சின்னசாமிக்கு மனைவி இல்லை. அதனால் தாரை வார்த்தது அவர் தம்பியும் தம்பி மனைவியும். அவர் மேடைப் பக்கமே வரவில்லை. பந்தியில்தான் நின்றார், சாம்பார் வாளியோடு. எடுத்தவன் எனக்குத் தெரியும். அவர் இருப்பது அந்தப் பந்திக் கேசட்டில்தான் என்று சொன்னேன். கையை ஆட்டிவிட்டார்.

தொடக்கத்தில் அந்த டிஸ்க்கைத் தேடாதே என்று கம்ப்யூட்டரில் வைத்துவிட்டால் போதும், விண்டோஸ் தானே முழுசையும் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். எண்பதும் வந்தது. அதற்குள் பந்தியின் மேல் வேறு யாரோ மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சிவண்ணா போய்ச்சேர்ந்துவிட்டார். மாடி அறையில் இப்போது செருப்பு குடோன். பந்திக் கேசட் என்று ஒன்று இருந்ததே மகளுக்குத் தெரியாது.

இருவரும் உட்கார்ந்து சிடியை முழுதாகப் பார்த்தோம். தாலி கட்டும்போது, கூட்டத்துக்குப் பின்னால், சாப்பாட்டுக் கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. தோளில் துண்டு. முகம் துடைக்கிறது. போய்விடுகிறது.

அந்த இடத்தையே மகள் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார்.

ஏழு நொடி.