லிப்ட்காரர் வீட்டுக் கறுப்புப் பெட்டி

பழுது நீக்கிய லிப்டுக்குள் லிப்ட்காரர் முதலில் தானே ஏறிக்கொள்கிறார். கதவு மூடியதும் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. வெளியே காத்திருப்பவர்கள் பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் வலிக்க நிற்பார்கள். அவர் காதில் ஏறாது. "உள்ள நின்னு பாக்காம சரியாயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்பார். மோட்டார் அறையில் நின்றாலும் அதே உள்ளங்கைதான். லிப்ட் காலியாகப் போகிறதா, ஆளோடு போகிறதா என்று அதிர்வை வைத்தே சொல்லிவிடுவார். மடக்கிவிடலாம் என்று நானும் சோதித்துப் பார்த்தேன். தவறவில்லை. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்கள் மாடியில் எதிர் வீடு அவருடையது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். வீட்டில் ஐந்து வயது மகளும் மாமனாரும். மனைவி கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒப்பந்தம் முடியும்வரை வர வழியில்லை. மகளோ, போனில் அம்மா முகம் தெரிந்தால் வாயைத் திறக்க மாட்டாள். போனை வைத்த மறுநொடி வீடே இரண்டுபடும். அதனால் அவர் மகளுக்குத் தெரியாமல் படம் பிடிக்கிறார். பல் தேய்த்துக்கொண்டே பாடுவது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு சண்டைக்கு நிற்பது, எல்லாம்.

அத்தனையும் ஒரு கறுப்புப் பெட்டியில் சேர்கின்றன. ஏதோ அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர். பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டுச் செருப்பு அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். யாராவது உள்ளே ஒரு படத்தைத் திறந்தால் அதன் பச்சை விளக்கு படபடக்கும்.

அதிலிருந்து நாலைந்தை அவ்வப்போது மனைவிக்கு அனுப்பி வந்தார். அந்த அம்மாள் ஒருநாள் கேட்டுவிட்டார்: "நீங்க பொறுக்கி அனுப்பறதை மட்டும் பாக்க நான் என்ன விருந்தாளியா? என் வீட்டு அலமாரியை நானே தொறந்து குடையணும்."

"இன்டர்நெட்டில் படம் சேமித்து வைக்கும் ஏதாவது கம்பெனியில் போட்டு வையுங்களேன், எங்கிருந்தும் பார்க்கலாமே," என்றேன் நான்.

"அது வாடகை இடம் சார். ஒரு தடவை பாஸ்வேர்டு மறந்துபோச்சு. கல்யாண போட்டோ அத்தனையும் அவங்ககிட்டயே நின்னுபோச்சு."

ஆக, வீட்டிலிருக்கும் பெட்டியையே உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் திறக்கும்படி செய்வது என்று கிளம்பினார். வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தார். ஒருநாள், "முடிஞ்சுது," என்று மனைவிக்கு முகவரியை அனுப்பினார்.

"வரலையே," என்றார் மனைவி.

"இங்க ஜோரா வருதே." கூடத்தில் வந்தது, சமையலறையில் வந்தது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தபோதும் வந்தது. மனைவியின் போன் மட்டம், அந்த ஊர் நெட் மட்டம் என்று குற்றம் கடல் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எனக்குக் காட்ட இஷ்டமில்லேன்னா நேரா சொல்லிடுங்க." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் படியேறி வந்த என் காதிலும் விழுந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு மனைவியிடமிருந்து மகளின் சளிக்கு மருந்து கொடுத்தாயிற்றா என்பது போன்ற செய்திகள்தான் வந்தன.

என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், உங்க போன்ல ஒருதரம் தொறந்து பாருங்க."

வரவில்லை. எதிர் வீட்டுக்கே வரவில்லை. என் போனை வாங்கி வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை நாளும் உள்ள நின்னே பாத்திருக்கேன்," என்றார். லிப்டுக்குப் பொருந்திய பழக்கம் இங்கே காலை வாரிவிட்டது. வீட்டு வைபையில் இருப்பவர்களுக்குத்தான் பெட்டி திறந்திருந்தது. வெளியிலிருந்து வருபவர்களை ரவுட்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

ரவுட்டரில் வழியைத் திறந்துவிட்டார். அன்றைக்கே முன்பின் தெரியாதவர்களெல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். "வழி விட்டா கண்டவனும் கைப்பிடியை ஆட்டிப் பாக்கறான் சார்," என்று அவசரமாக அடைத்தார். பிறகு, மனைவியின் போனில் சாவிபோல ஒரு ரகசியக் கோப்பு இருந்தால் மட்டும் நுழையக்கூடிய தனிப் பாதை ஒன்றைப் போட்டார். தனக்கும் ஒரு சாவி செய்துகொண்டு, தெருவில் இறங்கி, வைபையை அணைத்து, குப்பைத்தொட்டி ஓரமாக நின்று தன் வீட்டையே அண்ணாந்து பார்த்தபடி சோதித்தார். என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கு மாமனார் மாடியிலிருந்து பதில் சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வர்றதுக்கு வழி தேடிட்டிருக்கார்."

இந்த மாமனார் வேறொரு தலைவலி. வெளியே கிளம்பும்போது வீட்டிலுள்ள சுவிட்ச் அத்தனையையும் அணைத்துவிட்டுத்தான் படியிறங்குவார். "ஆளில்லாத எடத்துல கரண்ட் எதுக்கு?" என்பது அவர் கட்சி. பெட்டி அணைந்தால் எந்தச் சாவியும் உதவாது என்று மருமகன் எவ்வளவோ சொல்லியாயிற்று. தலையாட்டுவார், அணைப்பார்.

சாவியை மனைவிக்கு அனுப்பி, "இப்ப வெளியில நின்னு பாத்துட்டேன். வரும்," என்று எழுதினார். பதில் இல்லை. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் சாக்கில் அந்தப் பச்சை விளக்கைப் பார்ப்பார். அது அசையாமல் எரிந்துகொண்டிருக்கும். எனக்கே அந்த அம்மாள்மேல் கோபம் வந்தது.

இன்று காலை, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மகள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கீழே ஓடிவிட்டிருந்தாள். மாமனார் விளக்கு, மின்விசிறி என்று வரிசையாக அணைத்தபடி வந்து, அலமாரிக்குப் பக்கத்துச் சுவிட்சில் விரலை வைத்தார்.

பச்சை விளக்கு படபடத்தது. நின்றது. மறுபடி படபடத்தது.

"கை வெக்காதீங்க மாமா. உள்ள ஆள் இருக்கு."

பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.